தோல் இல்லாமலே கால் தேறும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 47, சி.எஸ்.டி. ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். ஜூன் கடைசியில் ஒரு மழை நாளில் ஸ்டேஷன் பாலத்துப் படியில் இடது கால் உள்பக்கமாக மடங்கி விழுந்துவிட்டேன். ரிப்போர்ட்டில் 'ஐந்தாவது மெட்டாடார்சல், அவல்ஷன்' என்று இருக்கிறது. ஆபரேஷன் இல்லை, முதலில் மாவுக்கட்டு, பிறகு வாக்கர் பூட் (கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான பூட்ஸ்). ஏழு வாரம் ஆகிவிட்டது. எலும்பு கூடி வருகிறது, இனி கெட்டியான அடி உள்ள ஷூவுக்கு மெதுவாக மாறுங்கள் என்கிறார் டாக்டர். நான் சில வருடங்களாக வீகன். தோல், பட்டு, பால் எதுவும் கிடையாது. ஆர்த்தோ செருப்புக் கடையில் காட்டியதெல்லாம் தோல். ரெக்சின் கேட்டதற்கு, "அதைப் போட்டால் கால் புண்ணாகும், எலும்பும் சேராது" என்கிறார் கடைக்காரர். அக்காவோ, "மருந்துன்னு நெனச்சு மூணு மாசம் போட்டுக்கோ" என்கிறாள். என் கணவர் பரணிலிருந்து என் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவை எடுத்து வைத்திருக்கிறார், வாங்கி சில வருடம் ஆகியும் அதிகம் போடாதது. அதைப் போடலாமா? வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கலாமா? சேடா நகர் முருகன் கோயிலுக்கு எப்போது போகலாம்? தோல் இல்லாமல் இந்தக் கால் ஒழுங்காகச் சேருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேரும். எலும்பு சேருவதற்கும் செருப்பு எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட், பாதம் அடிபட்டவர்களைத் தினமும் நடக்க வைப்பதுதான் என் வேலை. ஒரு ஷூவை எடுத்ததும் நான் பார்ப்பது அதன் அடி எங்கே வளைகிறது, குதிகாலை எப்படிப் பிடிக்கிறது, முன்பக்கம் எவ்வளவு அகலம் என்பதைத்தான். ஆர்த்தோ கடைகளில் தோல் நிறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அது காலுக்கு ஏற்ப இளகிக் கொடுக்கும், வியர்வையை இழுக்கும், பல தலைமுறைக் கைப்பழக்கம் வேறு. அந்த வேலைகளைச் செய்ய இன்று வலைத்துணி இருக்கிறது, நுரை இருக்கிறது, நன்றாக இழுபடும் பின்னல் துணி இருக்கிறது. மருந்து விஷயத்தில் சில நேரம் வேறு வழியில்லாமல் ஜெலட்டின் மாத்திரையை விழுங்க வேண்டி வரும், அங்கே உங்கள் அக்கா சொல்வது பொருந்தும். செருப்பு விஷயத்தில் அந்த நிலைமை உங்களுக்கு இல்லை. அதனால் கொள்கையை மூன்று மாதம் ஒதுக்கி வைக்க வேண்டாம். அதேபோல இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'வீகன்' என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே ஒரு ஷூ உங்கள் காலுக்கு ஏற்றதாகிவிடாது. அப்படி விற்பதில் நிறைய மெல்லிசான, தட்டையான, பார்வைக்கு அழகான சமாச்சாரங்கள். முதலில் அடியைப் பாருங்கள், அது தேறினால் பொருளை விசாரியுங்கள்.

உங்கள் காலில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பாதத்தின் வெளி ஓரத்தில், குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தடவிப் பாருங்கள், ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டு வரும் பெரோனியஸ் பிரெவிஸ் என்ற தசையின் நாண் சரியாக அந்த மேட்டில்தான் வந்து ஒட்டுகிறது. கால் சட்டென்று உள்பக்கம் மடங்கும்போது அந்த மேட்டின் மேல் வருகிற இழுப்பில் எலும்பின் நுனி பெயர்ந்து வருகிறது, அதைத்தான் அவல்ஷன் என்கிறார்கள். இதே எலும்பில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி முறிந்தால் அது ஜோன்ஸ் முறிவு. லிவர்பூலைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடும்போது தன் காலிலேயே இப்படி ஒரு முறிவு ஏற்பட, அதைப் பற்றி 1902-ல் எழுதினார். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும், சிலருக்கு ஸ்க்ரூ போட வேண்டி வரும். உங்களுடையது அது இல்லை. அவல்ஷன் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நன்றாகக் கூடிவிடும். வீக்கம்தான் மாதக்கணக்கில் கூட வந்து போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆக, உங்களுக்கு வேண்டிய ஷூ இரண்டு காரியத்தைத் தடுக்க வேண்டும். பாதம் நடுவில் மடங்கக் கூடாது, பக்கவாட்டில் புரளக் கூடாது. இங்கேதான் நிறைய பேர் தவறிப் போகிறார்கள், ஏனென்றால் அடிபட்ட காலுக்கு மெத்து மெத்தென்று இருப்பதுதான் நல்லது என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், கடையிலும் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி அதைத்தான் விற்பார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று மெடிக்கல் ஷாப்களில் தொங்குமே, அது நம் வேலூர் சி.எம்.சி.யிலும் காரிகிரியிலும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காப்பாற்ற டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் பாடுபட்டதிலிருந்து பரவிய விஷயம். மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது காற்றுக் குமிழ் நிறைந்த மென்மையான ரப்பர். உணர்வு போன காலுக்கும், சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அது பெரிய வரம். உங்களுக்கு அது மட்டும் போதாது. கீழே கெட்டியான அடி இல்லாத வெறும் எம்.சி.ஆர். செருப்பு உங்கள் பாதத்தோடு சேர்ந்து வளைந்துகொண்டே போகும், நாம் தடுக்க நினைப்பதே அந்த வளைவைத்தான். ஹவாய் செருப்பும் அப்படியே, அதோடு அது கழன்று போகாமலிருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கடையில் ஷூவைக் கையில் வாங்கியதும் காலில் போடாதீர்கள், முதலில் கையால் சோதித்துப் பாருங்கள். ஒரு கையால் குதியையும் இன்னொரு கையால் நுனியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வளையலாம், நடுவில் வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொள்ளும் ஷூ உங்களுக்கு ஆகாது. அப்புறம் குதிகாலின் பின்சுவரை இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள், உள்ளே ஒரு கெட்டியான தடுப்பு இருப்பது தெரிய வேண்டும், அட்டை மாதிரி நசுங்கினால் அது பாதத்தைப் புரளாமல் பிடித்துவைக்காது. கடைசியாகத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள், அடிப்பாகம் ஷூவின் உடலைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமாக வெளியே தெரிந்தால் நல்லது. இப்போது வரும் உயரமான, தடித்த நுரை வைத்த ரன்னிங் ஷூக்களை நிறைய பேர் சிபாரிசு செய்வார்கள். முன்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதால் பாதம் மடங்காமலே உருண்டு போகும், அந்த அளவில் நல்லதுதான். ஆனால் உயரமும் மென்மையும் குறுகிய அடியும் சேர்ந்தால் கணுக்கால் மறுபடி மடங்க வழி செய்யும். கால் மடங்கித்தானே விழுந்தீர்கள், அதனால் அகலமான அடி இருந்தால் மட்டும் அந்த வகையை எடுங்கள்.

நான் சொன்ன அந்த மேடு இருக்கிறதே, கடைக்குப் போகும் முன் அதன் மேல் சாக்ஸில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோ சாண்டல்களில் பலவற்றில் பட்டை அடியோடு சேரும் இடம் சரியாக அந்தப் புள்ளியில்தான் வந்து உட்காரும். கடையில் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, தாதர் பாலம் ஏறி இறங்கினால் அன்று ராத்திரி தெரியும். ஷூவாக இருந்தால் பக்கத் தையலோ, ஒட்டிய பிளாஸ்டிக் டிசைனோ அந்தப் புள்ளியைத் தொடுகிறதா பாருங்கள். லேஸ் அழுத்தினால் அந்த இடத்துக்கு நேராக இருக்கும் துளையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த துளையில் கோத்துக்கொள்ளலாம், இந்தச் சின்ன மாற்றமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

அளவு எடுக்க ஒரு வழி சொல்கிறேன். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், செய்தித்தாள் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு வீட்டில் யாரையாவது பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து எடுத்தால் அகலம் குறைவாகக் காட்டும். இரண்டையும் கத்தரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன் மேல் காகிதத்தை வையுங்கள். காகிதம் பக்கத்தில் பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம், நீளத்தில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். இடது கால் பெரிதாக இருந்தால் அதற்கேற்ப வாங்குங்கள், வலது காலுக்குள் ஒரு மெல்லிய உள்ளட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். உள்ளட்டை கழற்ற முடியாத ஷூவை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள், பின்னால் கெட்டியான தகடு ஏதாவது உள்ளே வைக்க வேண்டி வந்தால் இடம் வேண்டும்.

பரணில் இருந்து எடுத்த ஷூவைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. அதன் நடு அடி பி.யூ., அதாவது பாலியூரிதேன் என்றால், ஈரக்காற்று படப்பட அது உள்ளுக்குள்ளேயே சிதைந்து போகும். போட்டாலும் போடாவிட்டாலும் சிதையும், பல நேரம் போடாமல் பெட்டியில் வைத்ததுதான் முதலில் போகும். மும்பைக் காற்றின் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கப் புதுசாகவே இருக்கும், பத்து நிமிடம் நடந்ததும் அடி பிளந்துகொண்டு வரும், அது பாலத்துப் படியில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடிப்பாகத்தின் பக்கச் சுவரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். உதிராவிட்டாலும் மடக்கு, முறுக்கு சோதனையில் தேறினால் மட்டுமே காலில் போடுங்கள்.

இனி பொருள் விசாரணை. தோலா ரெக்சினா என்று சந்தேகமாக இருந்தால் மேல்பரப்பைப் பார்க்காதீர்கள், இன்றைக்கு அதில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துவிடுகிறார்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டையில் பக்கிள் துளை போட்டிருக்கும் இடம் வசதி. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கீழே நெய்த அல்லது பின்னிய துணியும் தெரிந்தால் செயற்கை. ஒழுங்கில்லாத நார் நாராகத் தெரிந்தால் தோல். 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளை அரைத்து ஒட்டியது, சூயிட், நூபக் இரண்டும் தோல்தான், மேலே பி.யூ. பூசிய தோலும் உண்டு, 'பி.யூ. லெதர்' என்று கடைக்காரர் சொன்னதும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஷூக்களில் 1994-ம் ஆண்டு விதிப்படி சின்னப் படங்கள் இருக்கும், இங்கே விற்பதிலும் பல நேரம் அதே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மேற்பகுதி, உள் லைனிங், அடி என்று மூன்றுக்கும் தனித்தனிக் குறி. விரித்த விலங்குத் தோல் வடிவம் என்றால் தோல், அதன் நடுவில் சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் போட்ட தோல், வெறும் சாய்சதுரம் என்றால் பிளாஸ்டிக், ரப்பர் போன்ற வேறு பொருள், வலை போன்ற படம் என்றால் துணி. அந்தக் குறி பெரும்பான்மையான பொருளை மட்டும்தான் சொல்லும், எண்பது சதவீதம் துணியாக இருந்தால் துணிக் குறி போட்டுவிடலாம், மீதியில் ஒரு தோல் துண்டு இருக்க முடியும். உணவுப் பொட்டலத்தில் பார்க்கும் பச்சைப் புள்ளி செருப்புக்குக் கிடையாது.

ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு சில. குதிகால் உள்லைனிங்கில் பன்றித் தோல் இருப்பதுண்டு. ஆர்டர் கொடுத்துச் செய்யும் உள்ளட்டைகளுக்கு மேலுறையாகத் தோலைத்தான் பழக்கத்தில் போடுவார்கள். அழுத்தம் குறைக்க ஒட்டும் ஃபெல்ட் துண்டு பெரும்பாலும் ஆட்டு ரோமம், அதற்குப் பதில் ஈ.வி.ஏ. என்ற செயற்கை நுரைத் துண்டு கேளுங்கள், அதே வேலையைச் செய்யும். பசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட்டுவிட முடியாது, விலங்குப் பொருளில் செய்த பசையாக இருக்குமோ என்று வீகன்கள் எல்லாரும் கேட்பதுதான்: இன்றைய ஷூ தொழிற்சாலைகளில் பெரும்பாலும் செயற்கைப் பசைகள்தான், பி.யூ. அல்லது நியோபிரின் ரப்பர் வகை. நம் ஊர்ச் செருப்பு தைப்பவர்கள் 'சொல்யூஷன்' என்று டப்பாவிலிருந்து தடவுவதும் செயற்கை ரப்பர் பசைதான். முழு நிச்சயம் வேண்டுமென்றால் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், கடையில் அதற்குப் பதில் கிடைக்காது. அன்னாசி இலை நாரில், கள்ளியில் செய்த மாற்றுத் தோல்களைத் தேடி அலைய இது நேரமில்லை. கால் தேறிய பிறகு ஆசைக்கு வாங்கலாம்.

எங்கே வாங்குவது? வெளியில் போட, சாதாரண வாக்கிங் ஷூ ரகங்களிலேயே வலைத்துணி மேற்பகுதியும் ஈ.வி.ஏ. நடு அடியும் கீழே ரப்பரும் உள்ளவை ஏராளம், அவற்றில் பெரும்பாலும் தோல் இருக்காது, வீகன் என்று தனியாக எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஆர்த்தோ கடையை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. சாண்டல் வேண்டுமென்றால் கோழிக்கோட்டுப் பக்கம் தோலில்லாச் செருப்புத் தொழில் பெரிதாக நடக்கிறது. அங்கிருந்து வரும் பி.யூ. சாண்டல்கள் மும்பையின் எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும். அதில் பின்பட்டை உள்ளதாக, மூன்று இடத்தில் வெல்க்ரோ உள்ளதாக எடுங்கள். விலையும் கையைக் கடிக்காது. புதிதாகவே வாங்குங்கள், நான் மேலே சொன்ன சிதைவு இதற்கும் பொருந்தும். க்ராக்ஸ் கம்பெனி 2021-ல் தோலை முழுவதும் விட்டுவிடுவதாக அறிவித்தது, வீட்டில் காய்ந்த தரையில் போட அது ஒத்துவரும், பின்பட்டையைக் குதிகாலுக்கு இழுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆனால் ஸ்டேஷனுக்கு வேண்டாம், லூசாக இருக்கும்.

கடை ஷூ எதுவும் போதவில்லை, நடக்கும்போது அந்த இடத்தில் இன்னும் வலிக்கிறது என்றால் உள்ளே ஒரு கெட்டித் தகடு வைக்கலாம். கார்பன் ஃபைபர் தகடு மெல்லிசு, விலை அதிகம். ஆர்த்தோட்டிஸ்டுகள், அதாவது இப்படிப்பட்ட கால் சாதனங்களைச் செய்து கொடுப்பவர்கள், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி உங்கள் பாத அளவுக்கு வளைத்துக் கொடுப்பார்கள், அதுவே போதும். இரண்டிலும் விலங்குப் பொருள் இல்லை. ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் 1955-லிருந்து இருக்கிறது, அங்கே இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அளவு கொடுக்கும் நாளிலேயே "மேலுறை தோல் வேண்டாம், ஈ.வி.ஏ. போடுங்கள்" என்று சீட்டில் எழுத வைத்துவிடுங்கள், செய்து முடித்த பிறகு சொன்னால் யாருக்கும் நல்லதில்லை. இன்னொரு இடம், உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம், தாராவி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டி எழுப்பிய தோல் தொழில் அது. அதே கைகள் ரெக்சினிலும் கான்வாஸிலும் தைக்கின்றன. நீங்கள் வாங்கி வைத்த சாண்டலில் பட்டை மேட்டில் உறுத்துகிறதா, அதைப் பிரித்து அரை அங்குலம் தள்ளித் தைத்துக் கொடுப்பார்கள். தமிழிலேயே பேசி, ரெக்சினை நீங்களே வாங்கிக் கொடுத்தால் குழப்பம் வராது. தோல் தைப்பவரிடம் போவதா என்று மனம் ஒப்பவில்லை என்றால் போக வேண்டாம், ஆனால் பட்டை தைப்பதில் அந்தக் கைநேர்த்தி வேறு இடத்தில் கிடைப்பது அரிது.

சரி, ஷூ வந்தாயிற்று என்று ஒரே நாளில் பூட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். மனசுக்குப் பிடித்த ஜோடி கிடைக்கும்வரை பூட்டிலேயே இருங்கள், நடுவில் ரப்பர் செருப்பு போட்டு ஒப்பேற்ற வேண்டாம். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் ஷூ, வெளியே போக பூட். மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் அளவுகோல். முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள், அப்படியே இருந்தால் கூட்டுங்கள். பூட் போடும் நேரத்தில் வலது காலுக்கு மெல்லிய செருப்பு போட்டிருக்கிறீர்களா? பூட்டின் அடி தடிமனால் ஒரு பக்கம் உயர்ந்து இடுப்பு வலி வந்துவிடும், வலது காலில் தடித்த அடியுள்ள ஷூவைப் போட்டுச் சமப்படுத்துங்கள். கைத்தடி பிடித்தால் வலது கையில் பிடியுங்கள், அடிபட்ட காலுக்கு எதிர்க் கை.

வீட்டுக்குள் வெறுங்கால் இப்போது கூடாது. செருப்பை வாசலில் விட்டுப் பழகிய வீடுகளில் இது பெரிய சங்கடம் என்று எனக்குத் தெரியும், மாமியார் இருக்கும் வீட்டில் இன்னும் அதிகம். தெருவைப் பார்க்காத ஒரு புது ஜோடியை வீட்டுக்கென்றே வையுங்கள், வாங்கும்போதே எல்லாரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். பூஜை அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிடலாம். சமையலறையில்தான் அதிகம் நிற்கிறோம், மொசைக் தரையில் ஒரு சொட்டு எண்ணெயோ தண்ணீரோ போதும், அதனால் அந்த வீட்டு ஜோடிக்குக் கீழே ரப்பர் அடி இருக்கட்டும், வெறும் ஈ.வி.ஏ. அடி ஈரத்தரையில் வழுக்கும். குளியலறைக்குப் பின்பட்டை உள்ள இன்னொன்று, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஷூ வாங்கும் கவனத்தில் இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

முருகன் கோயில் படிகளை இன்னும் சில வாரம் தள்ளி வையுங்கள். வெறுங்காலில், கல் படியில், மழை ஈரத்தில், கூட்டத்தோடு ஏறி இறங்குவது உங்கள் பாதத்துக்கு இப்போதைக்கு மிகக் கடினமான வேலை. அடிபட்ட கால் ஒன்றில் மட்டும், பிடிமானம் இல்லாமல், வலியில்லாமல் அரை நிமிடம் நிற்க முடிகிற அன்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், கார்த்திகை, சஷ்டி கூட்டம் இல்லாத ஒரு வார நாளாகப் பார்த்து. ட்ரெயினுக்கும் இதே கணக்குதான், முடிந்தால் ஆபீஸில் பேசி பத்தரை மணிக்கு மேல் கிளம்ப அனுமதி வாங்குங்கள். லேடீஸ் பெட்டியில் காலை நேர நெரிசலில் அந்த மேட்டில் யாராவது மிதித்தால் எந்த வலைத்துணியும் தாங்காது.

"ரெக்சின் போட்டால் கால் புண்ணாகும்" என்றதில் பாதி உண்மை உண்டு. முழுவதும் மூடிய ரெக்சின் ஷூவில் வியர்வை வெளியேறாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், அதுவும் இந்தச் சீசனில். அதற்காகத்தான் வலைத்துணி என்கிறேன். நனைந்தால் உள்ளட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்கு அடியில் காய வையுங்கள், ஹேர் டிரையர் போட்டால் ஒட்டு விட்டுவிடும். சாக்ஸ் பருத்தியைவிடப் பருத்தியும் செயற்கை இழையும் கலந்தது சீக்கிரம் காயும், கம்பளி கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். மழையில் தோல் ஷூ படும் பாட்டைவிட இது எவ்வளவோ தேவலை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், அக்கறையில்தான். பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பல வருடம் கவனித்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வு 2020-ல் வந்தது, அதில் இறைச்சி சாப்பிடுபவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு அபாயம் 43 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. உடல் எடை குறைவு, கால்சியமும் புரதமும் போதாமை ஆகியவை அதில் ஒரு பங்கு. உணவை மாற்றச் சொல்லவில்லை, பார்த்துச் சாப்பிடச் சொல்கிறேன். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, கால்சியம் சேர்த்த டோஃபு, தினம் இரண்டு வேளை பருப்போ சுண்டலோ. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் உடம்பில் சேர விடாது. பி12 மாத்திரை இல்லாமல் வீகனாக இருக்க முடியாது, விட்டுவிட்டு எடுக்காதீர்கள். வைட்டமின் டி அளவை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள், 47 வயதில் எலும்பு அடர்த்தி பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். சாதாரண டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது, பாசிப் பூஞ்சையிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3, அல்லது டி2 என்று கேட்டால் கிடைக்கும்.

ராத்திரியில் ஓய்வாக இருக்கும்போது வலி கூடிக்கொண்டே போனாலோ, காலைத் தூக்கி வைத்தும் வீக்கம் வடியாவிட்டாலோ, சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போனாலோ செருப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, இறுகி வலித்தால் அன்றைக்கே, காத்திருக்காமல். மற்றபடி, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வெளியில் போடும் ஷூ, வீட்டு ஜோடி இரண்டையும் ஒரு பையில் எடுத்துப் போய் டாக்டரிடமோ உங்கள் பிசியோவிடமோ காட்டுங்கள், போட்டுக்கொண்டு நான்கு அடி நடந்தும் காட்டுங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம், வெளியில் போடாத ஷூவைச் சில கடைகளில் மாற்றித் தருவார்கள்.